எது பெய்கிறது? ஆங்கிலத்தின் வெற்று எழுவாய்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று கேட்டாள்: “சார், ‘இட் இஸ் ரெயினிங்’னு எழுதுறோமே, அந்த ‘இட்’ எது? வானமா, மேகமா?” அது சும்மா வருவது, மனப்பாடம் பண்ணிக்கொள் என்று உட்கார வைத்துவிட்டேன். பல ஆண்டுகள் ஆகியும் அந்தப் பதில் மனதை உறுத்துகிறது. அவளுக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நாம் பள்ளியில் எழுவாயை எப்படிக் கண்டுபிடித்தோம்? யார், எது, எவை என்று கேள், வரும் விடைதான் எழுவாய் என்றார்கள். ‘மழை பெய்கிறது’. எது பெய்கிறது? மழை. முடிந்தது. ஆங்கிலத்தில் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், விடை வராது. ஆனாலும் ‘இட்’ எழுவாய்தான். வாக்கியத்தைக் கேள்வியாக்கினால் ‘இஸ் இட் ரெயினிங்?’ என்று துணைவினை அதைத் தாண்டி முன்னால் போகிறது. கடைசியில் ‘இல்லையா?’ சேர்த்தால் ‘இஸ்ன்ட் இட்?’ என்று அதுவேதான் திரும்ப வருகிறது. பொருள் எதையும் சுட்டாத ஒரு சொல் எழுவாய்க்குரிய எல்லா வேலையையும் செய்கிறது என்றால், ஆங்கிலத்தில் எழுவாய் என்பது வாக்கிய அமைப்பில் உள்ள ஓர் இடம். அந்த இடத்தில் யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும்.

இதை 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி ஒரு விதியாகவே வகுத்தார்: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் உண்டு. தமிழில் ‘படித்தாயா?’ என்றால் போதும், ‘நீ’ என்பது தோன்றா எழுவாய். இத்தாலியருக்கும் மழைக்கு ‘பியோவே’ என்ற ஒற்றை வினை போதும். ஆங்கிலத்துக்குப் போதாது. நம் இலக்கணத்தில் எழுவாய் இருந்தும் தோன்றாமல் நிற்கிறது. அங்கே சுட்ட ஒன்றும் இல்லாதபோதும் ஒரு சொல் தோன்றியாக வேண்டியிருக்கிறது.

‘தோன்றுகிறது’ என்ற பொருள் தரும் ‘சீம்’ என்ற வினையில் இது பளிச்சென்று தெரியும். அந்த வினை தன் எழுவாய்க்கு எந்தப் பங்கும் தருவதில்லை. செய்தவர், பட்டவர், உணர்ந்தவர் என்று எந்தப் பங்கையும் எழுவாய் இடத்துக்கு அது ஒதுக்குவதில்லை. அதனால் எழுவாய் இடம் காலியாகிறது. அதை நிரப்ப இரண்டு வழி. உள்வாக்கியத்தில், அதாவது பெரிய வாக்கியத்துக்குள் அடங்கிய சிறு வாக்கியத்தில், இருப்பவரை மேலே ஏற்றலாம்: ‘ஹீ சீம்ஸ் டு ஹேவ் லைட்’ (‘லைட்’ என்றால் இங்கே பொய் சொன்னது, lied). அல்லது வெற்றுச் சொல்லை வைக்கலாம்: ‘இட் சீம்ஸ் தட் ஹீ லைட்’. இரண்டும் சொல்வது ஒன்றே, அவன் பொய் சொன்னதாகத் தெரிகிறது என்பதுதான்.

இனி, உள்வாக்கியம் கடைசியில் போய் நிற்கும் கதை. அவன் பொய் சொன்னது வெளிப்படை என்பதை ‘தட் ஹீ லைட் இஸ் ஆப்வியஸ்’ என்றும் சொல்லலாம், ‘இட் இஸ் ஆப்வியஸ் தட் ஹீ லைட்’ என்றும் சொல்லலாம். 1960களில் பீட்டர் ரோசன்பாம் என்ற மொழியியலாளர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். அடித்தளத்தில் ‘இட்’டும் உள்வாக்கியமும் ஒரே பெயர்த்தொடராக ஒட்டியிருக்கின்றன. உள்வாக்கியம் பின்னால் நகர்ந்தால் ‘இட்’ தனியே நிற்கும், நகராவிட்டால் ‘இட்’ அழிந்துவிடும். அழகான விளக்கம். ஆனால் ‘சீம்’ இதற்கு எளிதில் மசியவில்லை. ‘தட் ஹீ லைட் சீம்ஸ்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்வதில்லை. அங்கே மட்டும் நகர்வு கட்டாயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்து வந்த எதிர்வாதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 1978இல் யான் கோஸ்டர் என்ற டச்சு மொழியியலாளர், வாக்கியம் எழுவாயாக வருவதே கிடையாது என்று வாதிட்டார். கேள்வியாக்கிப் பாருங்கள். ‘டிட் தட் ஹீ லைட் ஷாக் யூ?’ காதில் விழும்போதே இடறுகிறது. ‘டிட் இட் ஷாக் யூ தட் ஹீ லைட்?’ தடையில்லாமல் ஓடுகிறது. முன்னால் நிற்கும் ‘தட்’ வாக்கியம் எழுவாய் நாற்காலியில் உட்காரவில்லை, வாசலில் நிற்கிறது என்பது அவர் கருத்து. இப்படிப் பார்த்தால் உள்வாக்கியத்துக்கு இயல்பான வீடு கடைசி இடம்தான். எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அப்படி இரண்டு வாக்கியங்களை ‘அண்ட்’ போட்டு முன்னால் வைத்தால் வினை சில வேளை பன்மையாகிறதே, எழுவாய் இல்லையென்றால் அது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

ஒன்றைக் கவனியுங்கள். ‘டிட் ஹிஸ் லையிங் ஷாக் யூ?’ என்று கேட்டால் இடறல் இல்லை. ‘லையிங்’ பெயர்த்தன்மை பெற்றுவிட்டது, நாற்காலி கிடைத்துவிட்டது. தமிழில் ‘அவன் பொய் சொன்னது உனக்கு அதிர்ச்சியாக இருந்ததா?’ என்கிறோம். ‘சொன்னது’ பெயர். சொன்னதை, சொன்னதற்கு, சொன்னதால் என்று உருபெல்லாம் ஏற்கும். ஆகவே நமக்கு வாக்கியத்தைப் பின்னால் தள்ளும் தேவையும் இல்லை, முன்னால் பொம்மை எழுவாய் வைக்கும் தேவையும் இல்லை. நம் பிள்ளைகள் ‘இட்’டை விட்டுவிட்டு ‘இஸ் ஆப்வியஸ் தட்’ என்று தொடங்கினால் அது சோம்பல் இல்லை. அவர்கள் நாவில் இருக்கும் இலக்கணம் சரியாகத்தான் வேலை செய்கிறது. இதை ஆசிரியர்கள் மனதில் வைத்தே சிவப்பு மையை எடுக்க வேண்டும்.

மழைக்கு வரும் ‘இட்’ முழு வெற்றா என்பதிலும் ஐயம் உண்டு. பனி பெய்த பின் சில வேளை மழை பெய்யும் என்பதை ‘இட் சம்டைம்ஸ் ரெயின்ஸ் ஆஃப்டர் ஸ்னோயிங்’ என்று சொல்ல முடிகிறது. ‘ஸ்னோயிங்’கின் மறைந்த எழுவாயும் அதே ‘இட்’தான். ஒன்றுமே இல்லாத சொல் இன்னொன்றுக்கு எழுவாயாக முடியுமா? இதனால் சோம்ஸ்கி இதைப் பாதிப் பங்குள்ள சொல்லாக வைத்தார். ஜெர்மன் மொழியும் இங்கே துணைக்கு வருகிறது. அங்கே ‘இட்’டுக்கு இணையான சொல் ‘எஸ்’. நடனம் நடந்தது என்ற பொருளில் ‘எஸ் வுர்டெ கெடான்ஸ்ட்’ என்பார்கள். ‘நேற்று’ என்ற சொல் முதலில் வந்துவிட்டால் ‘எஸ்’ மறைந்துபோகும். மழை வாக்கியத்தில் ‘நேற்று’ முதலில் வந்தாலும் ‘எஸ்’ போகாது, வினைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அதாவது மழைக்கு வரும் ‘எஸ்’ வெறும் இடநிரப்பி இல்லை.

அந்தப் பெண் இன்று இங்கே இருந்தால் அவளிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். ‘அவன் பொய் சொன்னான் என்று தெரிகிறது’ என்கிறோம். ‘சொன்னது’ போல ‘என்று’ உருபு ஏற்காது, அது பெயர் இல்லை. அப்படியிருக்க ‘தெரிகிறது’ என்பதில் உள்ள ‘து’ யாரைச் சுட்டுகிறது, அம்மா?