திரியைத் தணித்தல்

அவையோருக்கு வணக்கம்.

2022 மார்ச் இறுதியில் இந்தக் கொழும்பு நகரம் இருண்டு கிடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. வீதி விளக்குகளையும் அணைக்கச் சொன்னார்கள். வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடிக்கு மேலே வானம் நட்சத்திரங்களால் நிறைந்திருந்தது. அதே இரவில், காலி (Galle) வீதியில் பஸ்ஸிலிருந்து இறங்கிய என் மனைவி மதிலைத் தடவியபடி ஒழுங்கைக்குள் நடந்து வந்தார். ஆகவே இருள் வேண்டுமென்று கேட்க நான் இங்கு நிற்கவில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதே என் கேள்வி.

அது காலடியில் விழவேண்டும். நம் விளக்குகள் பலவும் கண்ணிலும் வானத்திலும் அடுத்த வீட்டுப் படுக்கையறையிலும் விழுகின்றன. கண்கூசும் விளக்குக்கு அப்பால் நிற்பவர் தெரியமாட்டார். கூச்சத்தால் சுற்றியுள்ள இருட்டு இன்னும் கறுக்கிறது. முதியவர்களுக்கு இது இரட்டைத் துன்பம். வெண்ணீல எல்.ஈ.டி. ஒளி காற்றில் அதிகம் சிதறி வானத்தை வெளிறச் செய்கிறது. தூக்கத்துக்கு வழிவிடும் மெலட்டோனின் சுரப்பையும் தடுக்கிறது. நிற வெப்பநிலை 3000 கெல்வினுக்கு மேற்படாத இளமஞ்சள் விளக்கு, அதன் மேல் ஒரு மூடி, நள்ளிரவுக்குப் பின் குறையும் வெளிச்சம்: இவை எட்டாத தொழில்நுட்பங்கள் அல்ல. அம்மம்மா எல்லாரும் படுத்தபின் லாம்பின் திரியைத் தணிப்பார், அணைக்கமாட்டார். அந்தப் பக்குவம்தான் இது.

மனிதர் மட்டும் இங்கு வாழவில்லை. 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. நகரை ஒட்டிய சதுப்புகளில் மீன்பிடிப் பூனை இன்னும் உலவுகிறது. இருட்டில் இரை தேடும் விலங்கு அது. மின்மினி தன் துணையை ஒளியால்தான் அழைக்கிறது; அதன்மேல் நாம் வெள்ளமாய் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அந்த அழைப்பு யாருக்குத் தெரியும்? சதுப்பின் ஓரத்து நடைபாதையில் முழங்கால் உயரத்து அம்பர் (செம்மஞ்சள்) விளக்குகள் போதும். நீர்ப்பரப்பின்மேல் ஒரு கதிர்கூட விழவேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

எங்கள் மாடிக் குடியிருப்பின் வாசல் விளக்கு எதிர்வீட்டு யன்னலுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. சென்ற மாதம் அதைக் கீழ்நோக்கித் திருப்பினோம். ஓர் ஏணியும் ஒரு ஸ்குரூ டிரைவரும் போதுமாக இருந்தன. படலைக்கு வெளியே வந்து நிற்பவரின் முகம் இப்போது தெளிவாகத் தெரிவதாகக் காவலாளி சொல்கிறார்.