மயிலை வாழவைப்பது மாறாத உருவமே

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியின் மயில் சின்னம் 70 ஆண்டுகளாக வாழக் காரணம் காலத்துக்கேற்ற மாற்றமா, மாறாத உருவமா? இதுதான் இன்றைய வழக்கு. மாற்றமே என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். அவர் ஆண்டுகளை அடுக்கியதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. 1940களில் மின்னல்கள் சூழ்ந்த மைக், அடுத்த பத்தாண்டில் மூன்று கட்டைகள் கொண்ட சைலோபோன், 1956இல் மயில், 1959இல் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்து நெளியும் மூன்று எழுத்துகள், 1976இல் ஒற்றை ‘என்’ எழுத்து, 1979இல் அந்த எழுத்தின் மேலேயே மயில், 1986இல் ஆறு இறகு மயில். ‘இத்தனை மாறியதை மாறாதது என்று எந்த வாயால் சொல்வீர்கள்?’ என்று எங்களைப் பார்த்துக் கேட்டார்.

இந்த வாயால்தான் சொல்லப்போகிறேன் நடுவர் அவர்களே. அவர் அடுக்கிய அதே ஆண்டுகளை வைத்தே சொல்லப்போகிறேன்.

முதலில் அந்த மயில் எதற்காகப் பிறந்தது என்று பார்ப்போம். அந்நாளில் என்.பி.சி.க்கு உரிமையாளர் ஆர்.சி.ஏ. நிறுவனம். வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்து விற்கும் நிறுவனம். 1954இல் அது விற்பனைக்குக் கொண்டுவந்த சி.டி.-100 என்ற பெட்டியின் விலை 1,000 டாலர். சாமானியக் குடும்பம் எளிதில் நெருங்க முடியாத தொகை. விலையைக் கேட்டுத் திரும்பிப்போகிறவரை மறுபடியும் கடைக்கு அழைத்துவர வேண்டுமானால், அவருக்குள் ஓர் ஏக்கத்தை உண்டாக்க வேண்டும். அந்த வேலைக்காகத்தான் என்.பி.சி.யின் வடிவமைப்பாளர் ஜான் கிரஹாம் 11 இறகுகள் கொண்ட மயிலை வரைந்தார். ஒவ்வோர் இறகின் நுனியிலும் நீர்த்துளி போன்ற ஒரு வடிவம், அதற்குள் நிறம்.

அது எப்போது திரையில் வந்தது என்பதைக் கவனியுங்கள். வண்ணத்தில் ஒளிபரப்பாகும் நிகழ்ச்சிக்கு முன்னால் மட்டும் வந்தது. இசை எழும், மயில் தோகை விரிக்கும், அடுத்து வருவது உயிருள்ள வண்ணத்தில் என்று அறிவிப்பாளர் சொல்வார். ஆனால் அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தவர் கண்டது சாம்பல் நிற மயில். காதில் வண்ணம், கண்ணில் சாம்பல். தம் வீட்டில் என்ன இல்லை என்பதை அந்த மயில் வாரம் தவறாமல் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. விளம்பரக் கலையில் இதைவிடக் கூர்மையான வேலையை நான் அறிந்ததில்லை.

இங்கேதான் எதிரணியின் வலுவான வாதம் வருகிறது. அதை மறைக்காமல் எடுத்துவைக்கிறேன். ‘மயில் வண்ணத்துக்கான விளம்பரம். 1960களின் பிற்பகுதியில் என்.பி.சி.யின் மாலைநேர நிகழ்ச்சிகள் அத்தனையும் வண்ணத்துக்கு வந்துவிட்டன. வண்ணம் செய்தியாக இருந்த காலம் போய்விட்டது. வேலை முடிந்த சின்னத்தை அனுப்பிவைப்பதுதானே அறிவு?’ என்றார்கள். காகிதத்தில் எழுதிப் பார்த்தால் குறை சொல்ல முடியாத வாதம். என்.பி.சி.யின் மேலாளர்களும் அன்றைக்கு இப்படித்தான் யோசித்தார்கள்.

யோசித்துச் செய்ததன் விளைவு என்ன? 1975ஆம் ஆண்டோடு மயிலை அனுப்பிவைத்தார்கள். லிப்பின்காட் அண்ட் மார்குலீஸ் என்ற பெயர்பெற்ற நிறுவனத்திடம் புதுச் சின்னம் கேட்டார்கள். பல லட்சம் டாலர் செலவு. வந்தது என்ன? இரண்டு சரிவகங்களைச் சேர்த்துவைத்த ஓர் ஆங்கில ‘என்’ எழுத்து. ஒன்று சிவப்பு, மற்றொன்று நீலம். 1976 ஜனவரி 1ஆம் தேதி, புத்தாண்டு நாளில் அதைத் திரையேற்றினார்கள்.

அப்போது அமெரிக்காவின் நடுப்பகுதியிலுள்ள நெப்ராஸ்கா மாநிலத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்த மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஏற்கெனவே அதே சின்னத்தை வைத்திருந்தது. அதே இரண்டு சரிவகங்கள், அதே ‘என்’. வேறுபாடு நிறத்தில் மட்டும்: அவர்களுடையது முழுவதும் சிவப்பு. அதைச் செய்ய அவர்களுக்கு ஆன செலவு 100 டாலரைக்கூட எட்டவில்லை. 1976 பிப்ரவரியில் அவர்கள் நீதிமன்றம் போனார்கள். முடிவில் நாட்டின் மிகப் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களில் ஒன்று, ஒரு மாநிலக் கல்விச் சானலோடு சமரசம் பேச வேண்டியதாயிற்று. நடமாடும் வண்ண ஒளிப்பதிவு வாகனம் உட்பட 8 லட்சம் டாலருக்கு மேற்பட்ட கருவிகள். புதுச் சின்னம் செய்துகொள்ள அவர்களுக்கு 55,000 டாலர் ரொக்கம். இத்தனையும் கொடுத்த பிறகுதான் அந்த ஓர் எழுத்து என்.பி.சி.க்குச் சொந்தமாயிற்று.

நடுவர் அவர்களே, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கினால் யாராவது பாராட்டுவார்களா?

இதை ஒரு தற்செயலான விபத்து என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் ஒதுக்கிவிட்டார். இரண்டு இடங்களில் இரண்டு பேர் ஒரே மாதிரி வரைந்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்றார். என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. ஒரு மயிலை இரண்டு பேர் ஒரே மாதிரி வரைய மாட்டார்கள். ஓர் எழுத்தை நேர்க்கோடுகளாகச் சுருக்கிக்கொண்டே போனால், இறுதியில் எல்லாரும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். அன்றைய பாணி அது. எதைப் பார்த்தாலும் கோணமும் சரிவகமும் ஆக்கிவிடும் பாணி. காலத்துக்கேற்ற மாற்றம் என்று எதிரணி போற்றுகிறதே, அதன் உள்ளே இருக்கும் ஆபத்து இதுதான். ஒரே காலம் எல்லாருக்கும் பொதுவாக இருப்பதால், காலத்தைப் பின்பற்றுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே முகம் வந்துவிடுகிறது. என்.பி.சி. இழந்தது தன் தனி முகத்தை.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். மூன்றே ஆண்டுகள். 1979இல் மயில் திரும்பிவந்தது. ‘மயிலைப் போல் பெருமிதம்’ என்ற பொருளில் ஒரு விளம்பரமே நடத்தி, வெளியே அனுப்பிய பறவையைக் கொண்டாடி அழைத்துவந்தார்கள். அத்தனை கொடுத்து மீட்ட ‘என்’ எழுத்தை உடனே கைவிட மனமில்லாமல், அதன் மேலேயே மயிலை உட்காரவைத்தார்கள். கனத்த எழுத்தும் விரிந்த தோகையும் ஒன்றோடொன்று ஒட்டவேயில்லை என்பது என் கருத்து. ஆனால் நான் கேட்பது வேறு. புதுச் சின்னம் பயன்தரவில்லை என்றால், எதிரணியின் கொள்கைப்படி அவர்கள் இன்னொரு புதுச் சின்னத்தைத் தேடிப் போயிருக்க வேண்டும். பணம் இருந்தது, ஆள் இருந்தது. ஏன் பழைய மயிலிடம் வந்தார்கள்?

மயிலின் வேலை முடிந்துவிட்டது என்று கணக்குப் போட்டவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். 1956இல் அது வண்ணப் பெட்டியை விற்க வந்தது உண்மை. ஆனால் 20 ஆண்டுகளாக அதைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்கு அது வண்ணப் பெட்டியின் விளம்பரமாக இருந்ததா? தங்களுக்குப் பிடித்த நிகழ்ச்சி தொடங்கப்போகிறது என்பதன் அடையாளமாக ஆகிவிட்டிருந்தது. பிறந்த வேலையை விட்டு வேறொரு வேலைக்கு அது எப்போதோ மாறிப்போயிருந்தது. வரைந்தவர் கொடுத்த வேலை முடிந்திருக்கலாம். பார்த்தவர்கள் கொடுத்த வேலை முடியவில்லை.

இப்போது எதிரணியின் கோட்டைக்கே வருகிறேன். 1986. ‘11 இறகு ஆறானது, இடப்பக்கம் பார்த்த தலை வலப்பக்கம் திரும்பியது, கால் போயிற்று, மிச்சமிருப்பது என்ன?’ என்று கேட்டார்கள். கேட்டவர் அந்தப் படத்தை ஒருமுறை கூர்ந்து பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

அதை வரைந்தவர் செர்மயெஃப் அண்ட் கெய்ஸ்மர் நிறுவனத்தின் ஸ்டெஃப் கெய்ஸ்பூலர். அந்த ஆண்டு மே 12ஆம் தேதி, என்.பி.சி.யின் 60ஆம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில் அது வெளிவந்தது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நீலம், பச்சை என ஆறு இறகுகள்; நிறுவனத்துக்கு அன்று இருந்த ஆறு பிரிவுகளுக்கு ஒவ்வொன்று. மயிலின் உடல் எங்கே என்று தேடிப் பாருங்கள். உடலை அவர் வரையவே இல்லை. இறகுகளுக்கு நடுவே விட்டுவைத்த வெற்றிடம்தான் உடல். ஊதா இறகின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு, அதுதான் அலகு. கண் கிடையாது, கொண்டை கிடையாது. இருந்தும் அதைப் பார்த்து மயில் என்று சொல்லாதவர் உண்டா?

இது எப்படிச் சாத்தியமாயிற்று? 30 ஆண்டுகளாக மக்கள் மனத்தில் ஒரு மயில் ஏற்கெனவே தோகை விரித்து நின்றிருந்தது. அதனால்தான் கலைஞர் உடலை விட்டுவிட்டார். பார்ப்பவர் மனமே அதை நிரப்பிக்கொண்டது. அதே படத்தை 1956இல், முன்பின் அறியாத மக்கள் முன் வைத்திருந்தால், ஆறு வண்ணத் துளிகள் என்றுதான் பலர் எண்ணியிருப்பார்கள். அவ்வளவு துணிச்சலாகக் குறைக்க முடிந்ததே உருவம் நிலைத்திருந்ததால்தான். எதிரணி ‘மாற்றம்’ என்று எண்ணிக் கொண்டாடும் அந்த ஓவியம் எங்கள் கட்சிக்குச் சாட்சி நடுவர் அவர்களே. அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஆறு இறகு வடிவத்தில் பெரிதாக யாரும் கைவைக்கவில்லை.

சைலோபோன் சின்னத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. படம் போய்விட்டது என்றார்கள், சரி. அந்தப் படம் காட்டியது என்.பி.சி. வானொலிக் காலத்திலிருந்து ஒலித்துவந்த மூன்று சுரங்களை. 1950இல் அமெரிக்காவில் ஓர் ஒலியே வணிகக் குறியாகப் பதிவாயிற்று என்றால், அந்தப் பெருமை முதலில் சேர்ந்தது அந்த மூன்று சுரங்களுக்குத்தான். படம் மாறியும் ஒலி நின்றது. இதுவும் எங்கள் கணக்கில்தான் வரும்.

போட்டி நிறுவனத்திலும் இதே பாடம் உண்டு. சி.பி.எஸ். தொலைக்காட்சியின் கண் சின்னம் 1951இல் வில்லியம் கோல்டன் உருவாக்கியது. ஓராண்டு கழிந்ததும் கோல்டனே, அடுத்த ஆண்டுக்கு வேறு சின்னம் செய்யலாம் என்று புறப்பட்டார். தடுத்தவர் நிறுவனத் தலைவர் ஃப்ராங்க் ஸ்டேன்டன். நமக்கு அலுத்துப்போகத் தொடங்கும் நேரத்தில்தான் மக்கள் அதைக் கவனிக்கவே தொடங்குகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அலுவலகத்தில் இருப்பவர் சின்னத்தைக் கடிதத்தாளில், கதவில், கூட்டத்துக்குக் கூட்டம், நாள் முழுக்கப் பார்க்கிறார். வீட்டில் இருப்பவர் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே சில வினாடிகள் பார்க்கிறார். முன்னவரின் அலுப்பை வைத்துப் பின்னவரின் நினைவைக் கலைப்பதைத்தான் பல நேரங்களில் ‘காலத்துக்கேற்ற மாற்றம்’ என்று பெயரிட்டு விற்கிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. அந்தக் கண், கோல்டனே மாற்ற நினைத்த அந்தக் கண், இன்றும் சி.பி.எஸ்.ஸின் சின்னம்.

‘1986 பழங்கதை, இன்றைய உலகத்தில் பேசுங்கள்’ என்று எதிரணியில் ஒருவர் இடைமறித்தார். பேசுகிறேன். 2011இல் என்.பி.சி.யை காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம் தன் கைக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டில் என்.பி.சி. யுனிவர்சல் குழுமத்தின் சின்னத்திலிருந்து மயிலை எடுத்துவிட்டு வெறும் எழுத்தை வைத்தார்கள். மறுபடியும் அதே பழைய நினைப்பு. ஆனால் 2012 முடிவதற்குள் என்ன நடந்தது? வாங்கிய காம்காஸ்ட் தன் சொந்தச் சின்னத்தை ஒதுக்கிவிட்டு, தான் வாங்கிய நிறுவனத்தின் மயிலைத் தன் பெயருக்கு மேலே சூடிக்கொண்டது. 2020இல் இணையவழி ஒளிபரப்புச் சேவை ஒன்றைத் தொடங்கியபோது அதற்கு என்ன பெயர் வைத்தார்கள்? மயில் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே வைத்தார்கள். பீகாக். வண்ணப் பெட்டியே புதுமையாக இருந்த நாளில் வரைந்த பறவை, பெட்டியே தேவைப்படாத ஒளிபரப்புக்குப் பெயராகி நிற்கிறது.

கடைசியாக 2025. குழுமத்தின் கேபிள் சானல்கள் பலவற்றைத் தனி நிறுவனமாகப் பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவற்றுள் ஒன்று எம்.எஸ்.என்.பி.சி. என்ற செய்திச் சானல். ஊழியர்கள் போகலாம், நிகழ்ச்சிகள் போகலாம், சானலே போகலாம் என்றானது. மயில் மட்டும் போகக் கூடாது. நவம்பரில் அந்தச் சானல் எம்.எஸ். நவ் என்று பெயர் மாறியது. மயிலை இறக்கி வைத்துவிட்டுத்தான் வெளியேறியது.

மாற்றம்தான் ஒரு சின்னத்துக்கு உயிர் என்றால், ஒரு பழைய பறவையை என்.பி.சி. ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது? எதிரணியின் அடுத்த பேச்சாளர் மேடையேறியதும் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.