படியோலையும் மூல ஓலையும்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

பெரியபுராணத்தில் ஒரு வழக்கு வருகிறது. மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை, அதாவது சுந்தரரை, 'நீ எனக்கு அடிமை' என்று சொல்லி ஒரு கிழவேதியர் தடுக்கிறார். சான்றாக ஓர் ஓலையையும் காட்டுகிறார். ஆரூரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழவரோ கலங்கவில்லை. கிழிந்தது படியோலைதான், அதாவது நகல்தான், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டும்படி சபையார் கேட்கிறார்கள்; மூல ஓலையின் எழுத்தை ஆரூரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு ஒத்துப் பார்த்த பின்னரே தீர்ப்புச் சொல்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார், பக்திக் கதை ஒன்றுக்குள் இத்தனை நுட்பமான ஆவண நடைமுறையைப் பொதிந்து வைத்திருப்பது என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

அந்தக் கிழவருக்குக் கிடைத்த வாய்ப்பு நம் இலக்கியங்களுக்கு வாய்க்கவில்லை. கபிலரோ ஔவையாரோ இளங்கோவோ எழுதிய மூல ஓலை எதுவும் நம்மிடம் இல்லை. இருப்பன எல்லாம் படியோலைகளே, அவையும் படியின் படியைப் பார்த்து எழுதப்பட்டவை. பனையோலையைப் பாடம் செய்து, எழுத்தாணியால் கீறி, வசம்பு, மஞ்சள், ஊமத்தையிலைச் சாறு, மாவிலைக்கரி முதலியன சேர்த்த மையைத் தடவி, எவ்வளவு பக்குவமாகக் காத்தாலும், நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓர் ஏடு 200, 300 ஆண்டுகளைக் கடப்பது அரிது. ஆகவே ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடைய ஒரு பாட்டு இன்று நம் கையில் இருக்கிறதென்றால், இடைப்பட்ட காலத்தில் குறைந்தது ஆறேழு தலைமுறை எழுத்தாளர்கள் அதைப் பெயர்த்தெழுதியிருக்க வேண்டும். எழுத்தாளர் என்று இங்கே நான் சொல்வது ஏடு எழுதும் தொழிலாளரை. 'நன்றாகக் குரு வாழ்க, குருவே துணை' என்று தொடங்கி, பிரதி முடிந்த நாளைத் தமிழ் வருடப் பெயரோடும் சில வேளை கொல்லம் ஆண்டோடும் குறித்துவிட்டு அவர்கள் விலகிக்கொள்கிறார்கள். பல சுவடிகளில் அவர்கள் பெயர்கூட இல்லை.

பெயர்த்தெழுதுவது எளிய வேலையன்று. கூர்மையான எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்பதால் பெரும்பாலான சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. வீரமாமுனிவர் காலம் வரை அவற்றுக்கு இன்றுள்ள வேறுபாடு நிலைபெறவில்லை. ஏட்டில் 'மெல' என்று இருந்தால் அது 'மெல்' என்பதா, 'மேல்' என்பதா, 'மேல' என்பதா என்று இடம் நோக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே மாவைக் கண்டால் மா என்றும் படிக்கலாம், மர என்றும் படிக்கலாம். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை, அடி முடியும் இடமும் தெரியாது. யாப்பு அறிந்தவர்தாம் அதைப் பாட்டாகப் பிரித்துக் காணமுடியும். பாடபேதம் என்று நாம் அடிக்குறிப்பில் பார்த்துக் கடந்துபோகிற ஒவ்வொரு வேறுபாட்டுக்குப் பின்னும் இப்படி ஒரு கண்ணும் ஒரு கையும் தயங்கி நின்ற கணம் உண்டு.

1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று உ.வே. சாமிநாதையரைக் கேட்டது பலரும் அறிந்த செய்தி. அந்தக் கேள்வியைவிட அதற்குப் பின் நடந்ததே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏடு கைக்கு வந்துவிட்டது, எழுத்தும் தெரிகிறது. ஆனால் சைவ மடத்தில் பயின்ற அவருக்குச் சமண சமயச் செய்திகள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர்களோ அந்நூலைப் புனித நூலாகப் போற்றி வீடுகளில் ஓதிவந்தார்கள். அவர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்த பிறகே அவரால் 1887இல் அதைப் பதிப்பிக்க முடிந்தது. ஓலையில் எழுத்து மட்டும் பிழைத்திருந்து, அதைப் பொருளோடு ஓதுவார் மறைந்திருந்தால் அந்தக் காப்பியம் பாதிதான் கிடைத்திருக்கும் என்று தோன்றுகிறது. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றினார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அதற்கு இரண்டாண்டுகள் முன்பே வெளியிட்டிருந்தார்.

சமயம் ஏட்டைக் காத்தது. சமயமே அதை அழித்ததும் உண்டு. தேவாரம் தில்லையில் பூட்டிய அறையிலிருந்து செல்லரித்த நிலையில் மீட்கப்பட்டது என்பது சைவ மரபு. திருவாசகத்தை அம்பலவாணரே தம் கையால் எழுதிக்கொண்டார் என்றும் அம்மரபு சொல்கிறது. இறைவனையே ஏடெழுதுபவனாகக் கண்ட சமூகம் நம்முடையது. ஆனால் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணராம பாண்டியருடைய ஏடுகளைத் தேடிச் சென்ற சாமிநாதையருக்கு, பழைய ஏடுகளை ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டோம் என்ற பதிலே கிடைத்தது. ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்டவை எத்தனையோ. அவற்றைச் செய்தவர்கள் பகைவர்கள் அல்லர். சிதைந்த தெய்வத் திருமேனியை நீரில் சேர்ப்பது போன்ற மரியாதையாகவே அதை எண்ணினார்கள். முறைப்படி ஆற்றில் விடுவதற்கு முன் ஒரு படி எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கம் மட்டும் இடையில் அறுந்துபோயிற்று.

வரலாற்றுக்கு வருவோம். கல்வெட்டு, அரசன் பிறர் அறிய வேண்டும் என்று விரும்பியதைச் சொல்லும். கையெழுத்துப் படி பல வேளைகளில் பிறர் அறியாததைச் சொல்லும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பில் போர்ச் செய்தியும் கப்பல் வரவும் சரக்கு விலையும் ஊர்ப் பூசலும் அன்றாடப் பேச்சுத்தமிழில் கலந்து கிடக்கின்றன. அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1840களில் பிரெஞ்சுக்காரர் சிலர் அதைக் கண்டெடுத்துப் படியெடுக்கச் செய்தார்கள். இங்கும் நமக்கு உதவியது படியே.

கலையைப் பொறுத்தவரை, மூன்று நான்கு விரல் அகலமே உள்ள ஓலையில் ஓவியனுக்கு அதிக இடமில்லை. கோட்டுருவமாகச் சிலவற்றைக் கீறலாம், அவ்வளவுதான். வண்ணம் வேண்டுமானால் காகிதச் சுவடிக்குப் போக வேண்டும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இரண்டாம் சரபோசி மன்னர் காலத்துக் கண்நோய்ப் படங்கள் இருக்கின்றன. நோயாளிகளின் கண்களை நோய்க்குறியோடு வண்ணத்தில் வரைந்து, மருத்துவக் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். மருத்துவ ஆவணமாகவே அவை வரையப்பட்டன. ஆயினும் ஒவ்வொரு கண்ணும் ஒரு மனிதரின் உருவப்படம்போல நம்மைப் பார்க்கிறது.

படியெடுக்கப்படாதவை போயின. பரிபாடல் எழுபதில் இன்று முழுமையாகக் கிடைப்பவை 22 மட்டுமே. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. திருவிடைவாய் என்னும் ஊர்மீது சம்பந்தர் பாடிய பதிகம் ஏடுகள் எதிலும் அகப்படவில்லை; 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூர்க் கோயிற் கல்வெட்டில்தான் வெளிப்பட்டது. ஏடு கைவிட்டதைக் கல் காத்துக் கொடுத்த அரிய நிகழ்ச்சி அது. புறநானூற்றுக்கு அப்படி ஒரு கல் கிடைக்கவில்லை. அதன் அச்சுப் பதிப்பைப் புரட்டிச் செல்கிறவர்கள் 266ஆம் பாட்டுக்குப் பிறகு சற்று நிற்க நேரும். 267, 268 என்ற எண்கள் வரிசையில் இருக்கின்றன, அவற்றுக்குரிய பாட்டுகள் இல்லை.

வணக்கம்.