மடகாஸ்கரைத் தரைவழியே காண: சுற்றுச்சாலை இல்லாத தீவுக்கு ஒரு பயணத் திட்டம்

வணக்கம். மடகாஸ்கரின் வரைபடத்தை விரித்துப் பார்க்கிற எவருக்கும், தலைநகரில் இறங்கிக் கடற்கரையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம் என்ற ஆசை எழும். அந்த ஆசையை முதலில் ஒதுக்கி வையுங்கள். தீவைச் சுற்றிவரும் சாலை என்று அங்கே ஒன்று இல்லை.

(திரையில்: தீவின் வரைபடம். நடுவில் அந்தானானரிவோ. அங்கிருந்து நான்கு புறமும் நீளும் சாலைக் கோடுகள்.)

இது உலகின் நான்காவது பெரிய தீவு. பரப்பு ஏறத்தாழ 5,87,000 சதுர கிலோமீட்டர். வடமுனைக்கும் தென்முனைக்கும் இடையே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். நடுவே மேட்டுநிலம், அதன்மீது, கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில், அந்தானானரிவோ. உள்ளூர்வாசிகள் இதைச் சுருக்கமாகத் தானா என்பார்கள். கிழக்கில் மேட்டுநிலம் செங்குத்தாகச் சரிந்து குறுகிய கடலோரச் சமவெளியில் முடிவதால், அந்தப் பக்கத்து ஆறுகள் குறுகியவை, வேகமானவை. மேற்கில் பாயும் ஆறுகளோ நீண்டு அகன்று, மழைக்காலத்தில் இரு கரையையும் மூழ்கடித்துப் பரவுகின்றன. இத்தனை ஆறுகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு கடலோரமாகச் சாலை அமைப்பது எளிதாக இருக்கவில்லை. அதனால் முதன்மைச் சாலைகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போலத் தானாவை மையமாகக் கொண்டு விரிகின்றன. தெற்கே துலியாராவுக்கு ஆர்.என். 7 (ஆர்.என். என்றால் தேசிய நெடுஞ்சாலை), கிழக்கே துவாமசினா துறைமுகத்துக்கு ஆர்.என். 2, வடமேற்கே மஹாஜங்காவுக்கு ஆர்.என். 4. வடமுனையில் உள்ள அந்த்சிரனானாவுக்கு ஆர்.என். 4-இல் பாதிக்கு மேல் போய், அங்கிருந்து ஆர்.என். 6-இல் பிரிய வேண்டும். ஆகவே தீவை முழுமையாகப் பார்ப்பது என்றால், ஓர் ஆரக்காலில் போய், பெரும்பாலும் தானாவுக்குத் திரும்பி, அடுத்ததில் போவது என்றே பொருள். ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பவர்கள் வண்டியின் இருக்கையைத்தான் அதிகம் பார்ப்பார்கள்.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல் பகல்களில் கணக்கிடுங்கள். தானாவிலிருந்து துலியாரா ஏறத்தாழ 950 கிலோமீட்டர். தார்ச்சாலைதான். ஆனாலும் குழிகள், வளைவுகள், மாட்டு வண்டிகள், சந்தைக் கூட்டம் எல்லாவற்றையும் சேர்த்து, சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இருட்டிய பிறகு பயணம் வேண்டாம். விளக்கில்லாத வண்டிகளாலும் வழிப்பறியாலும் ஏற்படும் ஆபத்து உண்மையானது. தெற்கிலும் மேற்கிலும் சில பகுதிகளில் தஹாலோ எனப்படும் ஆயுதமேந்திய மாட்டுத் திருடர்களின் நடமாட்டம் இருப்பதால், அந்த வழிகளைப் பற்றி முந்தைய ஊரிலேயே விசாரித்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, மே முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களைத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயல்கள் மிகுதி. 2022 பிப்ரவரியில் பட்சிராய் புயல் கிழக்குக் கரையில் மனஞ்சாரி அருகே கரையேறியபோது வீடுகளோடு சாலைகளும் பாலங்களும் சேதமடைந்தன. அப்படிப்பட்ட வேளையில் பயணியின் திட்டம் கெடுவது சிறிய விஷயம். அதே சாலையை நம்பி அரிசியும் மருந்தும் பெறும் ஊர்கள் தனித்துப் போவதுதான் பெரிது. இன்னொன்று: வெப்பமண்டலத் தீவு என்பதால் கம்பளி வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். ஜூலையில், மேட்டுநிலத்தில் உள்ள அந்த்சிராபே ஊரின் இரவு நடுங்க வைக்கும்.

(திரையில்: டாக்ஸி-ப்ரூஸ் நிலையம். கூரைமேல் மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் இறுக்கும் ஒருவர்.)

உள்ளூர் மக்கள் பயணம் செய்வது டாக்ஸி-ப்ரூஸ் எனப்படும் வேன்களில். அவற்றுக்குப் புறப்படும் நேரம் என்று பெயருக்கு ஒன்று இருக்கும். இருக்கைகள் நிரம்பும் நேரமே உண்மையான நேரம். கூரைமேல் அரிசி மூட்டை, சைக்கிள், கூடையில் அடைத்த கோழிகள் எல்லாம் ஏறி, கயிறு இறுகிய பிறகு வண்டி அசையும். செலவு மிகக் குறைவு. மக்களோடு கலந்து பழக இதைவிட நல்ல வழியும் இல்லை. ஆனால் நாள்கள் கைவசம் நிறைய வேண்டும். மூன்று வாரமே உள்ளவர்களுக்கு ஓட்டுநருடன் கூடிய வாடகை வண்டியே ஏற்றது. அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. அதனாலும், வழியும் மொழியும் அறிந்த துணை ஒன்று தேவை என்பதாலும், நாமே ஓட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்டுநரின் உணவு, தங்குமிடம், எரிபொருள், திரும்பும் நாள்களின் கூலி ஆகியவை வாடகையில் அடங்குமா என்பதை முன்பே எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

வழியில் ‘ஹோட்டெலி’ என்ற பலகையைக் கண்டால், அங்கே அறை இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊரில் ஹோட்டல் என்று சாப்பாட்டுக் கடையைச் சொல்கிறோமே, அதே பொருள்தான். தட்டு நிறையச் சோறு வரும். பக்கத்தில் சிறு கிண்ணத்தில் கறியோ பீன்ஸோ கீரையோ வரும். சாப்பாட்டோடு கோப்பையில் பழுப்பு நிறத்தில் சூடான நீர் ஒன்றும் தருவார்கள். சோறு வடித்த பானையின் அடியில் ஒட்டிய காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்த அதன் பெயர் ரனோவோலா. கருகிய அரிசியின் மணம் தூக்கலாக இருக்கும்; கொதிக்கவைத்த நீர் என்பதால் பயணிக்கு நல்லதும்கூட.

பண்பாட்டைப் பற்றித் தெரிந்துகொள்வதும் திட்டத்தின் ஒரு பகுதிதான். ‘ஃபாடி’ என்றால் விலக்கு. ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் அது மாறும். ஓரிடத்தில் பன்றி இறைச்சி கொண்டுபோகக் கூடாது. இன்னோர் இடத்தில் குறிப்பிட்ட ஆற்றில் இறங்கக் கூடாது. கல்லறையை விரலை நீட்டிச் சுட்டுவது பல இடங்களில் ஃபாடி, விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும். முன்னோரின் சொல்லோடு கட்டுண்டவை இவை. ஆகவே புதிய ஊரில் வண்டியை விட்டு இறங்கும் முன், இங்கே என்ன ஃபாடி என்று ஓட்டுநரிடமோ வழிகாட்டியிடமோ கேளுங்கள். ‘தயவுசெய்து’ என்பதற்கும் ‘மன்னியுங்கள்’ என்பதற்கும் அவர்கள் சொல்லும் ‘அஸாஃபாடி’ என்ற சொல்லுக்குள்ளேயே, ‘இது விலக்காகாமல் இருக்கட்டும்’ என்ற பொருள் இருக்கிறது. பயணி முதலில் கற்க வேண்டிய சொல் இதுவே என்பேன்.

மேட்டுநிலத்தில், ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை, கல்லறையைத் திறந்து முன்னோரின் எச்சங்களுக்குப் புதுத் துணி சுற்றி, இசையோடும் ஆட்டத்தோடும் கொண்டாடும் ஃபமதிஹானா நடக்கும். அது ஒரு குடும்பத்தின் சடங்கு. அழைப்பு இருந்தால் மட்டும் செல்லுங்கள். அனுமதி பெறாமல் கேமராவை எடுக்காதீர்கள்.

பணம், மருந்து பற்றிச் சில சொற்கள். அந்நாட்டு நாணயமான அரியாரியில் மிகப் பெரிய தாள் 20,000; அதன் மதிப்பு 5 டாலரை எட்டாது. பெரிய ஊர்களுக்கு வெளியே ஏ.டி.எம். அரிது என்பதால், கட்டுக்கட்டாகப் பணம் வைத்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். தீவில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரை குறித்து மருத்துவரைப் புறப்படும் முன்பே பாருங்கள். 2025-இல் தண்ணீர், மின்சாரத் தட்டுப்பாட்டை எதிர்த்து எழுந்த போராட்டங்கள் ஆட்சி மாற்றத்திலேயே போய் முடிந்தன. ஆகவே புறப்படும் வாரத்துச் செய்திகளையும் கவனியுங்கள்.

(திரையில்: ஆர்.என். 7 மட்டும் சிவப்பாக ஒளிர்கிறது.)

மூன்று வாரம் இருந்தால் என் தேர்வு ஆர்.என். 7. அந்த்சிராபே, மரச் செதுக்குக் கலைக்குப் பெயர்பெற்ற அம்போசித்ரா, சாலையிலிருந்து கிழக்கே விலகி ரனோமஃபானாவின் மழைக்காடு. அந்தப் பெயருக்கு வெந்நீர் என்று பொருள். 1986-இல் பொன்னிற மூங்கில் லெமூர் என்ற, மரங்களில் வாழும் விலங்கு கண்டறியப்பட்டது இங்கேதான். 1991-இல் இது தேசியப் பூங்காவானது. பிறகு ஃபியனரந்த்சோவா, அம்பலவாவ், ஊர் மக்களே பேணும் அஞ்சா காடு, இசாலோவின் மணற்பாறைகள், இறுதியில் துலியாராவின் கடல். இதற்குப் பதினான்கு நாள் ஒதுக்கி, திரும்பும்போது விமானத்தில் வரலாம்.

பெருக்கமரங்கள் (பாவோபாப்) வரிசையாக நிற்கும் சாலையும் ட்சிங்கியின் கூரிய சுண்ணக்கல் காடும்தான் கனவு என்றால், அந்த்சிராபேயிலிருந்து மேற்கே மொரொண்டாவாவுக்குப் பிரியுங்கள். அங்கிருந்து ட்சிங்கியை ஒட்டிய பெக்கோபாக்கா ஊர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். அதற்கு ஒரு முழுப் பகலும், நான்கு சக்கரத்துக்கும் இயந்திர விசை செல்லும் (4x4) வண்டியும் வேண்டும். மனம்போலோ ஆற்றங்கரையில் வண்டியை இரு பலகைகள்மேல் மெல்ல ஏற்றி மிதவைக்குள் கொண்டுபோவார்கள். அந்த நேரத்தில் எல்லாரும் இறங்கி நிற்க வேண்டும். மிதவை எதிர்க்கரையில் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் இந்த வழியே அடைபட்டுவிடும். தெற்கையும் மேற்கையும் ஒரே மூன்று வாரத்தில் திணிக்காதீர்கள்.

கடைசி நான்கு நாள்களை வெறுமையாக விட்டுவையுங்கள். வண்டி பழுதாகலாம், உள்நாட்டு விமானத்தின் நேரம் மாறலாம். எதுவும் நேரவில்லை என்றால், தானாவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் உள்ள அந்தாசிபேவுக்குப் போய்விடுங்கள். அங்கே காலையில், பனி விலகும் முன்பே காட்டுக்குள் நின்றால், இந்த்ரி லெமூர்களின் நீண்ட அழைப்பு மரங்களின் உச்சியிலிருந்து கேட்கும்.