ராவை வளர்த்தது போட்டிதான்!

நடுவர் ஐயா, எதிரணித் தலைவர் இப்பதான் பேசிட்டுப் போனாரு, அமெரிக்காவுல திங்கக்கிழமை ராத்திரி வர்ற மல்யுத்த டிவி ஷோ மண்டே நைட் ராவை வளர்த்தது அதோட அப்போதைய முதலாளி வின்ஸ் மக்மானோட மூளைதான், போட்டியாவது ஒண்ணாவதுன்னு. கைத்தட்டலும் வாங்கிட்டாரு. சரி, போட்டியே இல்லாதப்ப அந்த மூளை என்ன பண்ணுச்சுன்னு பாப்போமா?

1993 ஜனவரி 11, நியூயார்க் மன்ஹாட்டன் சென்டர்ல ரா ஆரம்பிக்குது. ஒரு மணி நேர ப்ரோக்ராம். முதல் மேட்ச் யோகோசூனாவுக்கும் கோகோ பி. வேருக்கும், யார் ஜெயிப்பான்னு சின்னப் புள்ள கூட சொல்லிடும். ஒரு வாரம் லைவ், மத்த வாரமெல்லாம் முன்கூட்டியே எடுத்து வச்சத ஓட்டுறது. வீரர்களுக்குக் குடுத்த கேரக்டரெல்லாம் யாரு? இன்கம்டாக்ஸ் ஆபீசர் ஒருத்தர், குப்பை அள்ளுறவர் ஒருத்தர், பல் டாக்டர் ஒருத்தர்! (அந்தப் பல் டாக்டர்தாங்க பின்னாடி கேன்னு முகமூடி மாட்டிட்டு வந்து நம்ம பசங்கள பயமுறுத்துனவரு.)

1995 செப்டம்பர் 4, டிவி முதலாளி டெட் டர்னரோட எதிரி மல்யுத்தக் கம்பெனி டபிள்யூசிடபிள்யூ அதே திங்கக்கிழமை நைட்ரோங்கற ஷோவ இறக்குது. முந்தின நாள் வரைக்கும் வின்ஸ் கம்பெனிக்கு மேட்ச் ஆடிட்டு இருந்த வீரர் லெக்ஸ் லூகர் அங்க ஜாலியா நடந்து வர்றாரு! அப்புறம் நைட்ரோவ நடத்துன எரிக் பிஷாஃப் என்ன பண்ணாரு, ரெக்கார்ட் பண்ணி வச்ச ராவோட ரிசல்ட்ட தன் ஷோவுல லைவாவே போட்டு உடைச்சாரு. 83 வாரம் தொடர்ந்து நைட்ரோ தான் ரேட்டிங்ல மேல. அப்பதான் ஐயா வின்ஸுக்குத் தூக்கம் போச்சு. ரா ரெண்டு மணி நேரமாச்சு, மைக் டைசன கூட்டிட்டு வந்தாங்க, ரா வீரர் ஸ்டீவ் ஆஸ்டின் முதலாளி வின்ஸையே அடிச்சாரு. அந்த ஆஸ்டின வேலைய விட்டுத் தூக்குனது யாருங்கறீங்க, அதே டபிள்யூசிடபிள்யூதான்!

1999 ஜனவரி 4 மறக்க முடியுமா? ராவுல மிக் ஃபோலிங்கற வீரர் சாம்பியன் ஆகப் போறாருன்னு நைட்ரோ கமென்டேட்டர் டோனி ஷியவோனி மேலிடம் சொல்லச் சொல்லி நக்கலா சொல்றாரு, இதுக்குத்தான் கூட்டம் வரப் போகுதாக்கும்னு. சொன்னதுதான் தாமதம், லட்சக்கணக்கான பேரு ரிமோட்ட எடுத்து ராவுக்கு மாத்திட்டாங்க. அங்க ஃபோலிய தோள்ல தூக்கிட்டு ஆடுறாங்க, இங்க நைட்ரோவுல ஹோகன்ங்கற வீரர் ஒத்த விரலால சாம்பியன் கெவின் நாஷ் நெஞ்சுல குத்துறாரு, ஏழடி ஆளு அப்படியே மல்லாந்து விழுந்து சாம்பியன் பெல்ட்ட குடுக்குறாரு. ஃபோலி ஜெயிச்ச மேட்ச்சுக்கு ஊரக் கூட்டி விளம்பரம் பண்ணதே எதிரி சேனல்தான்யா, இதுல வின்ஸ் மூளை எங்க வந்துச்சு?

2001 மார்ச்ல வின்ஸ் டபிள்யூசிடபிள்யூவையே விலைக்கு வாங்கிட்டாரு. எதிரி காலி. எதிரணி சொல்றது நிஜம்னா அதுக்கப்புறம் ரா இன்னும் பிச்சிக்கிட்டுல்ல போயிருக்கணும்? ரேட்டிங் படிப்படியா கீழதான் வந்துச்சு. 2012ல மூணு மணி நேரம் ஆக்குனாங்க, மூணாவது மணி நேரத்துல எத்தனை பேரு தூங்காம உக்காந்திருந்தீங்க?

கடைசியா ஒண்ணு. 2019ல ஏஇடபிள்யூங்கற புது மல்யுத்தக் கம்பெனி புதன்கிழமை டிவிக்கு வர்றாங்கன்னதும், ஒரு மணி நேரமா ரெக்கார்ட் பண்ணி ஓட்டிட்டிருந்த என்எக்ஸ்டிங்கற தங்களோட இன்னொரு ஷோவ வின்ஸ் கம்பெனி அதே புதன்கிழமை ரெண்டு மணி நேர லைவா யூஎஸ்ஏ சேனல்ல கொண்டு வந்து நிறுத்துனாங்க. மூளையே போதும்னா இவ்ளோ அவசரம் எதுக்கு? எதிரணி எந்திரிச்சு பதில் சொல்லட்டும் ஐயா, நான் உக்காந்துக்குறேன்.