நண்பனுக்கு ஒழித்துவைத்த இடம்

அவையோர்க்கு வணக்கம். பெற்ற பிள்ளையைக் ‘காதல் மகன்’ என்று பழைய நூல்கள் சொல்லும். அத்தகைய சொல்லை இன்று இளைஞனுக்கும் இளம்பெண்ணுக்கும் மட்டுமே எழுதிக்கொடுத்துவிட்டோம். இலக்கணமும் ஆண், பெண் காதலையே அகம் என்றது. நண்பர்களின் அன்பு போரோடும் கொடையோடும் புறத்தில் போய் அமர்ந்தது. அந்தப் புறத்துக்குள் எவ்வளவு அகம் இருக்கிறது என்பதற்குப் புறநானூற்றின் 216ஆம் பாட்டு ஒன்றே போதும்.

பெற்ற மக்களோடு பகைமூண்டு மனம் வெறுத்த கோப்பெருஞ்சோழன், உறையூரை விட்டு வெளியேறி வடக்கிருந்தான்; உண்ணாமல் உயிர்விட வடக்கு நோக்கி அமர்ந்தான். பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையாரை அவன் ஒருமுறைகூடக் கண்டதில்லை. கேள்விப்பட்டதோடு சரி, பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவர் வரமாட்டார் என்று சுற்றியிருந்தோர் ஐயுற்றபோது, தம் பெயரைச் சொல்ல நேர்ந்தால் ‘என் பெயர் பேதைச் சோழன்’ என்று சோழன் பெயரையே சொல்லும் உரிமை உடையவர் அவர், இப்போதே வருவார், ‘ஒழிக்க அவற்கு இடமே’, அவருக்கும் இடம் ஒதுக்கிவையுங்கள் என்றான் அரசன். பேருந்துச் சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம்பிடிப்பவர்கள் நாம்; அவன் பிடித்துவைத்ததோ, உண்ணாமல் உயிர்விடுவதற்கான இடம்.

ஆந்தையார் வந்தார். பழகுவதுகூட வேண்டாம், உணர்ச்சி ஒத்தாலே நட்பு என்னும் 785ஆம் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் இவ்விருவரையே காட்டினார். இவ்வளவு வயதாகியும் நரை இல்லையே என்று அங்கிருந்தோர் வியந்து கேட்டதற்கு அவர் சொன்ன விடையை (191ஆம் பாட்டு) நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்: மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் குறிப்பறிந்த ஏவலர், அல்லவை செய்யாத வேந்தன், அதற்கும் மேலாக ஊரில் வாழும் சான்றோர் பலர். மனைவியில் தொடங்கிய பட்டியல் ஊரில் போய் முடிகிறது. எல்லாம் நிறைந்த அந்த ஊரை விட்டுத்தான் அவர் சாக வந்திருந்தார்.

என் மனம் நெடுநேரம் நிற்பது பொத்தியாரிடத்தில். உடனிருந்து உயிர்விட வந்த அந்தப் புலவரை, கருவுற்றிருந்த அவர் மனைவியை எண்ணி, ‘புதல்வன் பிறந்தபின் வா’ என்று திருப்பி அனுப்பினான் சோழன். மகன் பிறந்தான்; சொன்னபடி அவர் திரும்பி வந்தபோது அரசன் நடுகல்லாகியிருந்தான். அந்தக் கல்லைப் பார்த்து அவர் கேட்டது இதுதான்: எனக்கென்று நீ எண்ணிய இடம் எது?