குடியுரிமையா, குடியிருப்பா? – ‘குடியிருப்பே’ என்ற அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

கடல் கடந்து போன தோட்டத் தமிழர்கள் பின்தங்கிப் போனதற்குப் பெரிய காரணம் குடியுரிமை மறுக்கப்பட்டதா, குடியிருப்பு சொந்தமில்லாததா என்பது தலைப்பு. இலங்கை மலையகத்தையும் மலேசியாவையும் அருகருகே வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நல்ல ஜோடி. ஒரே மாவட்டங்களிலிருந்து, கங்காணி ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் ஒரே முறையில், ஒரே வெள்ளைக்காரன் ஆட்சியில் போனவர்கள். ஒருவர் மண்டபம் முகாம் வழியாகத் தேயிலைக்குப் போனார், இன்னொருவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரப்பருக்குப் போனார். அண்ணன் கண்டிச் சீமைக்கும் தம்பி பினாங்குக்கும் போன குடும்பங்கள் உண்டு. ஆகவே சாதி காரணம், ஊர் காரணம், படிப்பு காரணம் என்று யாரும் இங்கே நழுவ முடியாது.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் 1948-இல் தொடங்கி 1948-லேயே முடித்தார். மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய அந்த ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அடுத்த ஆண்டு பறிபோன வாக்குரிமை, 1947 தேர்தலில் மலையகம் அனுப்பிய ஏழு பாராளுமன்ற உறுப்பினர்கள், எல்லாம் சொன்னார். அதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கவில்லை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று கையெழுத்துப் போட்டார்கள். பத்து ஆண்டு கழித்து அந்த மிச்சத்தையும் 75,000, 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அநியாயம்தான். ஆனால் நடுவர் கேட்டிருப்பது ‘எது அநியாயம்’ என்று அல்ல. ‘எது பெரிய காரணம்’ என்று. ஒரு காரணத்தைச் சோதிக்க வழி அதை நீக்கிப் பார்ப்பதுதான். குடியுரிமை கிடைத்த பிறகு என்ன நடந்தது?

இலங்கையில் 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற நிலை ஏறக்குறைய முடிந்தது. எதிரணிக் கணக்குப்படி மலையகம் அன்றைக்கே நிமிர்ந்திருக்க வேண்டும். பதினோரு ஆண்டுகள் கழித்து, 2014 அக்டோபர் 29, பதுளை மாவட்டம், கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தை. காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான சரிவு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. பிறகு ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று கேட்பது சுலபம். எழுந்து எங்கே போவது? நிற்கிற லயம் தோட்டத்துடையது. மலைக்குக் கீழே ஒரு துண்டு நிலமும் அவர்கள் பேரில் இல்லை. அங்கே மண்ணுக்குள் போனவர்கள் இலங்கைக் குடிமக்கள்.

லயம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், அதற்குள் ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவில் காம்பரா என்கிற அறை, முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது திண்ணை. இரட்டை லயத்தில் முதுகுக்கு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை. அதனால் பின்பக்க ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. அடுப்பும் படுக்கையும் பிள்ளையின் புத்தகமும் ஒரே இடத்தில். மகனுக்குக் கல்யாணமானால் இஸ்தோப்பை அடைத்து இன்னொரு அறையாக்குவார்கள், அதற்கும் தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி கேட்க வேண்டும். அந்தக் காம்பராவைத் தக்கவைக்க வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளியாக இருந்தாக வேண்டும். பெரும்பாலும் அது அம்மாவாக இருக்கும். மகன் கொழும்பில் கடைக்கும் மகள் வீட்டு வேலைக்கும் போன பிறகும், முழங்கால் வலியோடு அந்த அம்மா மலையேறுவது கொழுந்துக்காக மட்டும் அல்ல, கூரைக்காக.

சம்பளப் பேச்சு ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்றால் இதனால்தான். 2015-இல் எழுந்த ஆயிரம் ரூபாய்க் கோரிக்கை, சம்பளச் சபை வழியாக 2021-இல்தான் நிறைவேறியது. அதற்குள் ரூபாயின் மதிப்பு எங்கே போனது என்பது வேறு கதை. வந்த ஆயிரமும் முழுசாகக் கைக்கு வரவில்லை. 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டம் வைக்கிற அளவுக்குக் கொழுந்து நிறுவையில் நிற்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம். மழையில்லாத மாதத்தில் செடியில் கொழுந்தே இருக்காது, அளவு மட்டும் குறையாது. வேறு எந்தத் தொழிலாளியும் பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பான். இவர் வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். கையில் இந்தப் பிடி இருக்கும்போது கம்பெனி ஏன் அவசரப்பட வேண்டும்?

‘துண்டு’ முறை 1921-இல் ஒழிந்ததை எதிரணியில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். கடனை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்கு விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஒழிந்தது உண்மை. கடன் என்ற கயிறு அறுந்தது, காம்பரா என்ற கயிறு அப்படியே இருந்தது.

அடுத்து வாக்குரிமை. வாக்குச்சீட்டு வந்தால் ரோடு வரும், தண்ணீர் வரும் என்றார்கள். 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தோட்டக் குடியிருப்புகளுக்கு உள்ளூராட்சிச் சபை தன் நிதியைத் தாராளமாகச் செலவிட முடியாதபடி அது கட்டிப்போட்டது, ஏனென்றால் அது தோட்டத்து நிலம். தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டார்கள், தங்கள் ஆளையே உறுப்பினராக அனுப்பினார்கள். அந்த உறுப்பினர் தன் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு வண்டி கல் கொட்ட முடியவில்லை. 2018-இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். குடியுரிமை இருந்தது, வாக்கு இருந்தது, உறுப்பினரும் இருந்தார். தடுத்தது எது?

ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு என்ற திட்டமும் வந்தது. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி சொச்சம், ஏழு பேர்ச் 1,900 சதுர அடி. இந்திய உதவியில் கட்டிய வீடுகள் சுமார் 550 சதுர அடி. நல்ல வீடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நிலம் அரசுடையது, 1992-இல் தொடங்கிய 53 ஆண்டுக் குத்தகையில் கம்பெனி கையில் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் பிரிக்கக் கம்பெனி சம்மதிக்க வேண்டும், நிலத்தை வைத்திருக்கும் அரசு நிறுவனம் விடுவிக்க வேண்டும், நில அளவை முடிய வேண்டும், அதற்குப் பிறகுதான் உறுதி என்கிற பத்திரம். இதில் ஒரு மேசையில் கோப்பு தூங்கினாலும் சாவி கிடைக்கும், உறுதிப் பத்திரம் கிடைக்காது. பத்திரமில்லாத வீட்டை வைத்து வங்கியில் கடன் எடுக்க முடியாது. மகளின் படிப்புக்கு மறுபடியும் அடகுக் கடைதான்.

எதிரணி சிவனு லெட்சுமணனின் பெயரைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்கள். நியாயமான கைதட்டல்தான். ஆனால் 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் அவர் சுடப்பட்டது எந்தப் போராட்டத்தில்? 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்த போராட்டத்தில். அவர் என் அணியில் இருக்க வேண்டியவர் நடுவர் அவர்களே, இடம் மாறி உட்கார வைத்துவிட்டார்கள்.

சரி, மலேசியாவுக்கு வருவோம். எதிரணிக்கு இங்கேதான் பெரிய சிக்கல். 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 வரை அந்த மண்ணில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை. ஏற்கெனவே இருந்தவர்கள் விண்ணப்பித்து வாங்கலாம். எழுதப் படிக்கத் தெரியாமல் விண்ணப்பிக்கத் தவறியவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். 1969-க்குப் பிறகு வேலை அனுமதிச் சட்டம் அமலானதும் பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். இதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் கையில் நீல அட்டை. முழுக் குடிமக்கள். 1980-களிலும் 90-களிலும் அவர்களுக்கு என்ன ஆனது?

நாட்டின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா பிராங் பெசார் என்ற ரப்பர்த் தோட்டத்தின் மேல் எழுந்த நகரம். அங்கும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்களை டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகளில் சுவரில் விரிசல். 1998 காமன்வெல்த் விளையாட்டு நடந்த புக்கிட் ஜாலில்கூடத் தோட்டமாக இருந்த இடம்தான். இவர்களை யாரும் ‘நீ எந்த நாடு’ என்று கேட்கவில்லை. ‘வீடு கம்பெனியுடையது, தோட்டம் விற்றாகிவிட்டது, இந்தத் தேதிக்குள் காலி செய்’ என்றுதான் சொன்னார்கள்.

நஷ்ட ஈடு கிடைத்ததே என்பார்கள். கணக்குப் போடுவோம். 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிகளின்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். நாள் கூலி 20 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 400 ரிங்கிட். 25 ஆண்டு பால் வெட்டியவருக்கு 10,000 ரிங்கிட். அந்தக் காலத்தில் மலிவு விலை வீட்டுக்கு அரசு வைத்த உச்ச விலை 25,000 ரிங்கிட். மீதிக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனால் முதல் கேள்வி, ‘எங்கே வேலை செய்கிறீர்கள்?’ வேலை போனதற்குத்தானே அந்தப் பணமே வந்தது! விளைவு, நகர ஓரத்துப் புறம்போக்கில் பலகை வீடு. வீட்டோடு கோயிலும் போனது, ஆயாக்கொட்டகையும் போனது. கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அம்மா தொழிற்சாலை ஷிப்டுக்குப் போனாள்.

விற்காத தோட்டத்திலும் நிலைமை சுகமில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள். ரப்பரில் கணவன் மனைவி இருவருமே பால் வெட்டுவார்கள், வீட்டுக்கு இரண்டு சம்பளம். செம்பனையில் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி உயரத்தில் குலையை அறுக்க வேண்டும். ஒரு குலையே இருபது கிலோவைத் தாண்டும். அது ஆண்கள் வேலையாகிவிட்டது, பெண்களுக்கு உதிரிப் பழம் பொறுக்குவதும் மருந்தடிப்பதும் மிஞ்சியது. பிறகு வெளிநாட்டிலிருந்து இன்னும் மலிவான ஆட்களைக் கொண்டுவந்தார்கள். குடியுரிமை இருந்த தமிழனை, குடியுரிமை இல்லாத இந்தோனேசியனும் வங்கதேசத்தவனும் அந்தத் தோட்டத்தில் பின்னுக்குத் தள்ளினார்கள். இதற்கு எதிரணி என்ன பதில் வைத்திருக்கிறது?

பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். தோட்டத்து நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் ‘பகுதி உதவி’ பெறும் பள்ளிகள். ஆசிரியருக்கு அரசு சம்பளம் தரும். கட்டடம் என்று வந்தால் நிலம் தனியாருடையது என்று கையை விரிக்கும். இலங்கையில் பிரதேச சபைச் சட்டம் சொன்ன அதே காரணம். ஒரு நாடு குடியுரிமையைப் பறித்தது, மற்றொரு நாடு கொடுத்தது. இரண்டு நாட்டிலும் அரசாங்கம் தோட்டத்து வாசலில் ஒரே காரணத்தைச் சொல்லி நின்றது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு புள்ளிவிவரம் கொண்டுவந்தார். 2019 கணக்கெடுப்பில் மலேசிய இந்தியக் குடும்பத்தின் இடைநிலை மாத வருமானம் 5,981 ரிங்கிட், மலாய்க்காரர் உள்ளிட்ட மண்ணின் மைந்தரான பூமிபுத்திராவுக்கு 5,420, ஆகவே குடியுரிமை தூக்கிவிட்டது என்றார். எண் சரி. ஆனால் ‘இந்தியர்’ என்ற அந்தக் கட்டத்துக்குள் பெட்டாலிங் ஜெயா டாக்டரும் இருக்கிறார், வழக்கறிஞரும் இருக்கிறார், குமாஸ்தாவாகவும் ஆசிரியராகவும் போன யாழ்ப்பாணத்தார், மலையாளிகளின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். தோட்டத்துப் படலைக்குள் கால் வைக்காத குடும்பங்கள் எத்தனையோ! தோட்டத் தொழிலாளியை மட்டும் பிரித்து ஒரு எண் கொடுங்கள், பேசுவோம்.

இன்றைக்கும் அங்கே ஆவணமில்லாத பிள்ளைகள் இருக்கிறார்களே, அது குடியுரிமைப் பிரச்சனை இல்லையா என்றும் கேட்டார்கள். கேளுங்கள், எப்படி வந்தது என்று. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். தோட்டத்தில் கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று இருந்துவிட்டார்கள். பதிவு அலுவலகம் டவுனில், போனால் ஒரு நாள் கூலி போச்சு. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டப்படி தாயின் நிலையைத்தான் பெறும். தாய் தோட்டத்துக் கொட்டகையில் பிறந்து பிறப்புப் பத்திரமே எடுக்காதவள் என்றால், அப்பா நீல அட்டைக்காரராக இருந்தும் பிள்ளைக்கு நாடில்லை. பதிவாளரும் வராத, பஸ்ஸும் வராத ஒரு வேலிக்குள் குடி வைத்ததிலிருந்து பிறந்த வினை அது.

இலங்கையிலிருந்து இந்தியா திரும்பியவர்களை மறந்துவிட வேண்டாம். நீலகிரியில் அவர்களுக்காகவே அரசு தேயிலை பயிரிட்டது, இப்போது டேன்டீ என்கிறோம். பேச்சு சொந்த மொழி, ஆட்சி சொந்த ஆட்சி, பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட். ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லும் பிரச்சனை அங்கேயும் வந்தது.

மலேசியாவில் இந்த நோயைச் சரியாகப் பிடித்துப் பார்த்த தலைவர் ஒருவர் உண்டு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் தவணையில் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார். குடியுரிமை கிடைத்து மூன்றாவது ஆண்டில், மந்திரி பதவியில் இருந்தவரே, அது மட்டும் போதாது, நிலம் வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டார்.

மணி அடித்துவிட்டது, ஒரே நிமிடம். ‘குடிமகன் என்றால் வழக்குப் போடலாமே’ என்று எதிரணி கடைசியாகச் சொல்லப் போகிறார்கள், தெரியும். போட்டார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். அங்கே நீதிபதி ‘நீர் இந்த நாட்டுக் குடிமகனா’ என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வாடகை ரசீது உண்டா, பட்டா உண்டா, வேலை முடிந்த பிறகும் தங்கலாம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்த கடிதம் உண்டா என்று கேட்டார். அந்த மூன்றில் ஒன்றையாவது தன் கட்சிக்காரரின் கையில் காட்டிவிட்டு எதிரணித் தலைவர் தன் வாதத்தைத் தொடரட்டும்.

நன்றி, வணக்கம்.